எடுத்துக்கொடுத்த வசனம்

புது நாடகங்களுக்கான விருதுக்குப் பேர் பெற்றவர்களும் எழுதலாம், பேரில்லாதவர்களும் எழுதலாம் என்றார்கள். குமுதவல்லியும் எழுதினாள். மேடை ஓரம் மறைந்து நின்று, நடிகர்கள் மறந்துபோன வசனத்தை எடுத்துக்கொடுப்பது அவள் வேலை.

தலைமை நடுவர் வேதமூர்த்தி அவளைக் கூப்பிட்டனுப்பினார். ஊரறிந்த நாடகாசிரியர்.

"உன் நாடகத்துல ஒரு பெரிய எழுத்தாளர் புதுசா வர்றவங்களை எல்லாம் விரட்டுறாரே, எவன்மா அப்படிப் பேசுவான்? ஒருத்தனைக் காட்டு, விருதை உனக்கே தர்றேன்."

பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார். "நாங்க நாடகம் போட்ட காலத்துல..." தொண்டை கமறியது.

"பட்டினி கிடந்தோம்" என்று பழக்கதோஷத்தில் மெல்ல எடுத்துக்கொடுத்தாள்.

"ஆமா, பட்டினி கிடந்தோம். உங்களுக்கெல்லாம்..." மறுபடி இருமல்.

"பொறுமை கிடையாது."

"பொறுமை கிடையாது" என்றவர் பக்கத்து நடுவரைப் பார்த்தார். அந்த நடுவரின் விரல், அவள் நாடகப் பிரதியில் அந்த எழுத்தாளர் பேசும் அதே வரியில் நின்றிருந்தது.

வேதமூர்த்தி குரலை இறக்கி, "அடுத்து அவர் என்ன சொல்றார்?" என்று கேட்டார்.

"அந்த இடத்தை எழுதாம விட்டிருக்கேன் சார். அதை மட்டும் அவரா சொல்லணும்."