வெள்ளிப்பூண் போட்ட பிரம்பு

முன்னொரு காலத்தில் கொற்கலூர் நாட்டை ஆதிமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். காலையில் சொன்னது மாலைவரை நிற்காது, அவ்வளவுதான்.

அந்த நாட்டில் ஆற்று முகத்துவாரம் மணல் மூடிப்போயிற்று. கப்பல் வரத்து நின்றது. பெண்கள் தறியில் உட்கார்ந்து குடும்பத்தை ஓட்டினார்கள். ஆண்கள் சத்திரத்துத் தரையில் கட்டம் கீறித் தாயம் உருட்டினார்கள். வேறென்ன செய்வார்கள்? படிக்கலாமே என்பீர்கள். படிப்பு என்றால் செய்யுளை மூச்சுவிடாமல் ஒப்பிப்பது. ஒருவன் திக்கினாலும் பெரிய வாத்தியார் வித்யாகீர்த்தி வெள்ளிப்பூண் போட்ட பிரம்பால் தரையை மூன்று தட்டு தட்டுவார். வகுப்பே காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட வேண்டும். ராஜா வீட்டுப் பிள்ளைக்கும்கூட விலக்கில்லை. மறுபடி திக்கியவனை "மண்டு" என்று வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார்.

மந்திரி தீத்தாரப்பனின் மகன் கொம்பையாவும் அப்படி வெளியே வந்தவன்தான். அவனும் தாயம் உருட்டினான். அதை நினைத்தால் மந்திரிக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் உச்சிவேளையில் பல்லக்கில் போன ராஜா சத்திரத்தைப் பார்த்துவிட்டான். வந்தது கோபம். அன்றே சபையைக் கூட்டிக் கேட்டான்:

"என் நாட்டு ஆண்களுக்கு என்ன கேடு?"

வித்யாகீர்த்திக்கு மந்திரி பதவிமேல் ரொம்ப நாளாகக் கண். "விதையே சொத்தை, வேந்தே! அக்கரைத் தீவு ஆண்களைப் பார்க்க வேண்டுமே. இரும்பு! வேண்டுமானால் கூட்டிவந்து காட்டுகிறேன்."

போனார். நான்கு பேரோடு வந்தார். முறுக்கு மீசை, தீவுத் தலைப்பாகை. அரண்மனை முற்றத்தில், சிம்மாசனத்துக்கு எதிரிலேயே, ஓர் இரும்பாணிகூட இல்லாமல் அழகான தோணி கட்டி நிறுத்தினார்கள். ராஜா அதைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"பார்த்தீர்களா?" என்று வித்யாகீர்த்தி பெருமையில் பிரம்பைத் தரையில் ஒரு தட்டு தட்டினார். நான்கு பேரின் கைகளும் காதுப்பக்கம் போய், தலைப்பாகையைச் சரிசெய்வதுபோல இறங்கின. மந்திரி மட்டும் அதைக் கவனித்தார்.

"வேலையற்ற ஆண்கள் எல்லாரும் நாளையே உப்பளத்துக்கு!" என்றான் ராஜா. "கை விலங்கோடு!"

"மந்திரியார் மகன்?" என்று இழுத்தார் வித்யாகீர்த்தி.

"அவனும்தான்."

மந்திரி குனிந்து வணங்கினார். "உத்தரவு, வேந்தே. என் மகனே முதலில் போகட்டும். வாத்தியாரே, அந்தப் பிரம்பைக் கொஞ்சம் கொடும். கால் மரத்துப்போயிற்று, ஊன்றிக்கொள்கிறேன்."

"தள்ளாமை வந்துவிட்டதோ?" என்று இளித்துக்கொண்டே கொடுத்தார் அவர்.

மந்திரி பிரம்பை வாங்கினார். டக். டக். டக்.

நான்கு மீசைக்காரர்களும் காதைப் பிடித்தார்கள். உட்கார்ந்தார்கள். எழுந்தார்கள். மறுபடி உட்கார்ந்தார்கள்.

"வேந்தே, தீவில் பிரம்பும் கிடையாது, தோப்புக்கரணமும் கிடையாது. இது நம் பள்ளிக்கூடத்துப் பழக்கம்" என்று சொல்லிக்கொண்டே மந்திரி சிம்மாசனத்தின் பக்கம் திரும்பினார்.

அங்கே ராஜாவும் காதைப் பிடித்தபடி பாதி குந்தி நின்றான். கிரீடம் மூக்குக்கு வந்திருந்தது.

சபையோர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பக்கத்து ஆசனத்தில் இருந்த அரசி மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள்.

"மந்திரி," என்றான் ராஜா மெல்ல, "கையை எடுக்கலாமா?"

"எடுக்கலாம், வேந்தே."

ராஜாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நால்வரில் மூத்தவனைக் கூப்பிட்டான். "யாரடா நீ?"

"சடையாண்டி, ராசா. இந்த ஊர்தான். சின்ன வயசில் வாத்தியார் ஐயாதான் வெளியே தள்ளினார். பிழைக்கத் தீவுக்குப் போனோம்."

"பொய்!" என்று கத்தினார் வித்யாகீர்த்தி. "தீவுக்காரன் என்றுதானே வந்தாய்?"

"நீங்கள் எந்த ஊர் என்று கேட்கவே இல்லையே, ஐயா! சொந்த ஊரைப் பார்க்க ஓசித் தோணி கிடைத்தது, ஏறிவிட்டோம்."

"அங்கே போய் எப்படியடா தேறினாய்?" என்றான் ராஜா.

"அங்கே பாதி நாள் பாடம், பாதி நாள் பட்டறை, ராசா. பலகை கோணினால் வேறு பலகை கொடுப்பார்கள். தோணி கட்டினால் வாங்க ஆள் இருந்தது. வேறொன்றும் இல்லை."

ராஜா அந்தத் தோணியை இன்னொரு முறை தடவிப் பார்த்தான். பிறகு உத்தரவு போட்டான். முகத்துவாரத்து மணலை அள்ள வேண்டும், சத்திரத்து ஆட்களுக்கே அந்த வேலை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே பட்டறை. மந்திரிக்குத் தன் முத்துமாலை.

"இந்த வாத்தியாரை உப்பளத்துக்கு அனுப்பு!"

"அவரையும் பட்டறைக்கே அனுப்புங்கள், வேந்தே" என்றார் மந்திரி.

அப்படியே ஆயிற்று. நல்லவேளை, இந்த உத்தரவு மாலையிலும் நின்றது.

முதல் நாளே வித்யாகீர்த்தி இழைத்த பலகை பல்லிளித்தது. பக்கத்தில் கொம்பையா ஒரு துடுப்பைச் சீவிக்கொண்டிருந்தான். மேற்பார்வைக்கு வந்த சடையாண்டி பலகையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். வித்யாகீர்த்தியின் கைகள் தாமாகவே காதுக்குப் போயின.

"அது இங்கே வேண்டாம், ஐயா" என்றான் சடையாண்டி. "கொம்பையா, ஐயாவுக்கு வேறு பலகை எடுத்துக் கொடு."