சுவர் நிறைய அம்மா

அரிசி ஆலை நம்பிராஜன் அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கென்று சுவரளவு ஃபோர் கே டிவி வாங்கினார். அதில் காட்ட வீட்டில் இருந்ததோ தங்கை கல்யாணத்தில் எடுத்த பழைய வீடியோ கேசட் ஒன்றுதான். டிவி மாட்ட வந்த பிச்சையா அதைக் கடையில் கொடுத்துப் பென்டிரைவில் ஏற்றி வந்து ஓட்டினான். நடுவில் மங்கலாக அம்மா, இருபுறமும் கறுப்புப் பட்டை.

"ஏலே, பட்டை எதுக்கு? சுவர் நிறையணும், முகம் பளிச்சுன்னு தெரியணும். இல்லைன்னா உன் முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நாளைக்கு உனக்கு வேலை கிடையாது" என்றார் நம்பிராஜன்.

பிச்சையா படத்தை அகலமாக இழுத்தான். அம்மா பூசணிக்காய் மாதிரி ஆனாள். மொத்தமாகப் பெரிதாக்கினான். தலை வெட்டுப்பட்டது. சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"பழைய படம் கிட்டத்தட்ட சதுரம், டிவி நீளம் அண்ணாச்சி. அன்னைக்குப் படமா அதுல விழுந்த புள்ளியும் கொஞ்சம்தான். இல்லாததை டிவி உண்டாக்காது" என்றான் பிச்சையா. "ஆனா உங்க போனைப் படுக்க வச்சு எடுக்கிற வீடியோ இந்த டிவிக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கும். அதுல அம்மா இருக்கிறதா ஒண்ணு குடுங்க. இப்பவே சுவர் நிறையக் காட்டிருதேன்."

நம்பிராஜன் போனில் வீடியோக்களைத் தள்ளிக்கொண்டே போனார். கார் வந்தது, ஆலைத் திறப்பு விழா வந்தது, நாய் வந்தது. அதே வீட்டின் பின்கட்டில் வருஷக்கணக்கில் படுத்துக் கிடந்த அம்மா வரவில்லை.

தோளுக்குப் பின்னால் நின்ற தங்கை சொன்னாள்: "நாய் நல்லாத் தெளிவா விழுந்திருக்குண்ணே."

"அந்தக் கேசட்டையே போடுலே" என்றார் நம்பிராஜன்.

"பட்டையோடவா அண்ணாச்சி?"

"ம்."

படம் ஓடியது. அவர் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நெருங்க நெருங்க அம்மாவின் முகம் கலைந்து வெறும் கட்டங்களாகத் தெரிந்தது.