தையல்நாயகியின் நெற்றி

குலசேகரம் மடத்து வேலியில் சைக்கிளைச் சாத்தியபோது சாமி முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். கீரிமலைப் பக்கத்தில் ஒரு சின்ன மடம் அது. மத்தியானக் கஞ்சிக்கு உள்ளே உலை கொதித்துக்கொண்டிருந்தது.

சாமிக்கு குலசேகரத்தைவிடப் பத்து வயது குறைவு. ஆனாலும் குலசேகரம் அவரைத்தான் குருவாக ஏற்றிருந்தார். அமைச்சருக்கும் அதிகாரிக்கும் எழுந்து நிற்காத மனிதர், இந்த ஒருவருக்கு முன்னால் மட்டும் செருப்பைக் கழற்றுவார்.

"வாருங்கோ, தலைவர். இண்டைக்கு ஆருக்கு எதிரா?"

"பகிடி விடாதேங்கோ சாமி. ஒரு முடிவு கேக்க வந்தனான்."

"முடிவு கேக்க வந்தவர் இலையும் உருவலாம். இருங்கோ."

குலசேகரம் நிலத்தில் உட்கார்ந்தார். இலையைத் தொடவில்லை. பையிலிருந்து இரண்டு படங்களை எடுத்து சாமிக்கு முன்னால் வைத்தார்.

இரண்டிலும் இருந்தவள் ஒருத்திதான். அவருடைய சின்னம்மா தையல்நாயகி. தாயில்லாத அவரைத் தூக்கி வளர்த்தவள். போன மாதம் கண்ணை மூடிவிட்டாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று கொடுப்பதற்கு நினைவு மலர் அச்சில் இருந்தது. படம் பின்னேரத்துக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

ஒரு படத்தில் நெற்றி வெறுமையாக இருந்தது. மற்றதில் புருவங்களுக்கு நடுவே பெரிய சிவப்புப் பொட்டு.

"இந்தப் பொட்டு?" என்றார் சாமி.

"ஸ்டூடியோக்காரன் வைச்சது. புருசன் உயிரோட இருக்கேக்க செத்த மனுசி, வெறும் நெத்தியோட மலரில வாறது வடிவில்லை எண்டு தானா வைச்சிட்டான்."

"நல்ல மனம். ஊர் என்ன சொல்லுது?"

"இதுதான் லட்சணம் எண்டுது. கனடாவில இருக்கிற மகள் வதனி போனில அழுதவள். அம்மாவை ஒருநாளாவது இப்பிடிப் பாக்கக் கிடைக்கேல்லையே எண்டு."

"சித்தப்பா?"

குலசேகரம் சற்றுத் தயங்கினார். "அவர் படத்தை வாங்கிப் பாத்தவர். இது ஆர் எண்டு கேட்டார். திருப்பித் தந்திட்டார். அவ்வளவுதான்."

"நீங்கள்?"

"பொட்டு வைச்ச படம்தான் போகவேணும்."

"அப்ப முடிவெடுத்தாச்சு. என்னட்ட என்னத்துக்கு?"

"உங்கட வாயால ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ. சித்தப்பா அதுக்குப் பிறகு மறுக்கமாட்டார்."

சாமி ஒரு ஈர்க்கை எடுத்து நுனியிலிருந்து அடிவரை உருவினார். "அவ ஏன் பொட்டு வைக்கிறேல்லை?"

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தைப் பற்றிக் குலசேகரம் எழுதாத துண்டுப் பிரசுரம் இல்லை. பசைவாளியோடு சுவர் சுவராகத் திரிந்து ஒட்டியவர். 'எங்கள் பெண்களின் நெற்றியில் கை வைத்தவர்களே' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டிருக்கிறார். மேடையில் அதைச் சொல்லும்போது சனம் கைதட்டும். அந்தப் பெண்களில் ஒருத்தி தன் வீட்டு அடுப்படியில் நிற்கிறாள் என்று எந்த மேடையிலும் அவர் சொன்னதில்லை.

இப்போது சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"கொழும்பில பஸ்ஸை மறிச்சாங்கள் சாமி. முன் சீற்றில ஒரு கிழவர். காதில கடுக்கன் குத்தின ஓட்டை. அதைக் கண்டு, தமிழன் எண்டு இழுத்து இறக்கினாங்கள். அவர் திரும்பி ஏறேல்லை. பிறகு ஒருத்தன் சின்னம்மாவுக்கு முன்னால வந்து நிண்டான். பெருவிரலால பொட்டை அழிச்சான். இப்ப நீ எங்கட ஆள் எண்டு சிங்களத்தில சொல்லிச் சிரிச்சுப்போட்டுப் போயிட்டான்."

"பிறகு?"

"அகதிக் கப்பலில காங்கேசன்துறைக்கு வந்தா. அதோட பொட்டு நிண்டுது. கலியாண வீட்டுக்கும் இல்லை, திருவிழாவுக்கும் இல்லை. ஐயர் தட்டை நீட்டினால் திருநீறை எடுப்பா, குங்குமத்தைத் தொடமாட்டா. மாமியார் நேர கேப்பா, என்ர பிள்ளை செத்துப்போனானோடி எண்டு."

"அதுக்கு என்ன சொல்லுவா?"

"மாமிக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடுவா."

சாமி சிரித்தார். குலசேகரம் சிரிக்கவில்லை.

"அது பயம், சாமி. சாகுமட்டும் போகாத பயம். மேடையில கத்தினவன் நான், மறியலில கம்பி எண்ணினவன் நான். என்ர வீட்டுக்குள்ள அந்தப் பயம் சமைச்சுப் போட நான் சாப்பிட்டனான். ஆருக்குச் சொல்லுறது? செத்த பிறகாவது அதைத் துடைச்சு விடவேணும்."

"ஆமிக்காரருக்கும் பயந்தவவோ?"

"ஆமிக்காரருக்கோ?" குலசேகரத்தின் வாய் தானாகக் கோணியது. "கொழும்பில ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில வேலை செய்த மனுசி. சிங்களம் தண்ணி மாதிரி வரும். ஆமிச் சென்றியில மறிச்சு சிங்களத்தில கேட்டால், விளங்கேல்லைத் தம்பி எண்டு தமிழில சொல்லுவா. கொளுத்துற வெயில். பின்னால நிக்கிற சனம் கத்தும், அக்கா, சொல்லித் துலையுங்கோவன் எண்டு. அசையமாட்டா. கடைசியில அவங்கள் தமிழ் தெரிஞ்ச ஒருத்தனைத் தேடிப் பிடிச்சுக் கொண்டருவாங்கள். அவன் பிழையா மொழிபெயர்த்தால், உவர் அப்பிடிக் கேக்கேல்லைத் தம்பி, இப்பிடித்தான் கேட்டவர் எண்டு திருத்தியும் விடுவா."

உள்ளே உலைக்கு முன்னால் நின்ற பெண் சிரிப்பது கேட்டது.

"அதுவும் பயம்தானோ?"

"அது வேற சாமி. இது வேற."

சாமி உருவிய இலையைச் சுளகில் ஒதுக்கினார். பக்கத்தில் இருந்த செம்பில் கையை விட்டு அலம்பினார். எழுந்து குலசேகரத்தின் முன்னால் வந்து நின்றார்.

ஆசீர்வாதம் என்று நினைத்துக் குலசேகரம் தலையைத் தாழ்த்தினார். காலையில் கோயிலில் பூசிய மூன்று குறித் திருநீறு, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். எல்லாம் அப்படியே இருந்தன.

சாமி ஈரப் பெருவிரலை அந்த நெற்றியில் வைத்து இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு இழுத்தார். சந்தனம் கரைந்து மூக்கில் வழிந்தது. இன்னொரு தரமும் இழுத்தார்.

குலசேகரம் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். ஒரு காலத்தில் பொலிஸ்காரனின் தடியைப் பிடித்த பிடி. உள்ளே அகப்பைச் சத்தம் நின்றது.

"என்ன செய்யிறியள்?"

"அழிச்சனான்."

"ஏன்?"

"கைக்கு எட்டினது."

குலசேகரம் கையை மெல்ல விட்டார். சாமி உள்ளே போய்த் திருநீற்றுக் குடுவையும் குங்குமச் சிமிழும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். பிறகு தன் பழைய இடத்தில் உட்கார்ந்து அடுத்த ஈர்க்கை எடுத்தார்.

"பூசுங்கோ."

குலசேகரம் அசையவில்லை.

"முன்னால கிடக்கு. ஆரும் மறிக்கேல்லை. எடுத்துப் பூசுங்கோ."

"பூசமாட்டன்."

"பயமோ?"

"ஆருக்கு? உங்களுக்கோ?" குலசேகரம் எழுந்துவிட்டார். குரு என்பதும் சாமி என்பதும் அந்த நேரம் எங்கோ போயிருந்தன. "நானா ஏன் பூசவேணும்? அழிச்சவர் நீங்கள். அழிச்ச கையால நீங்களே வைச்சு விடுங்கோ. அதுமட்டும் நான் இப்பிடியேதான் இருப்பன். இப்பிடியே சந்தைக்குள்ளால சைக்கிள் ஓடுவன். கேக்கிற சனத்துக்கெல்லாம்..."

அந்தச் சொல்லோடு நிறுத்தினார்.

கீழே இரண்டு படங்களும் கிடந்தன. வெறும் நெற்றியோடு இருந்த படத்தில் சின்னம்மா நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். குலசேகரம் குனிந்து அந்தப் படத்தை எடுத்தார். வேட்டித் தலைப்பால் அதில் இருந்த தூசியைத் துடைத்தார். நெடுநேரம் பார்த்தார்.

உள்ளே மறுபடி அகப்பைச் சத்தம் கேட்டது.

"சாமி," என்றார் கடைசியில். "அழிச்சவன் கடைசிமட்டும் திரும்பி வரேல்லையே."

சாமி இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதுக்காக? ஸ்டூடியோக்காரனைக் கொண்டு வைப்பிக்கிறதோ?"