வடகிழக்கில் ஐந்து பாகை

முதலில் கேட்டது கயிறு முனகும் சத்தம்.

மூடுபனி விலகிய பிறகுதான் கப்பல் தெரிந்தது. ஏட்ரியாட்டிக் கடலோரத் துறைமுகம் ஒன்றில், மிதவையோடு கட்டிய போர்க்கப்பல். உடம்பெல்லாம் ஆறு அங்குல இரும்புக் கவசம். நாற்பது பேர் கயிற்றை இழுத்து, அதை நின்ற இடத்திலேயே திருப்பத் தயாராக இருந்தார்கள்.

"உங்கள் அட்டவணை பொய், மாஸ்டர்," என்றார் ஜோர்ஸி.

ஜோர்ஸி சுக்கான் பிடிப்பவர். வயது ஐம்பது. திசைகாட்டியைச் சரிபார்க்கும் பார்த்தோலிடம் நான்கு வருடமாகத் தொழில் கற்கிறார். பார்த்தோலுக்கு முப்பத்தைந்துதான். குருவுக்கு முன்னால் சீடனுக்கு நரைத்துவிட்டது என்று மாலுமிகள் சிரிப்பார்கள்.

எட்டு நாளைக்கு முன் ஜோர்ஸி சுக்கான் பிடித்திருந்தபோது கப்பல் பாறையில் உரசியது. கீழே உலைக்குக் கரி தள்ளிக்கொண்டிருந்த லோவ்ரோ, புகுந்த தண்ணீரில் மாட்டி இறந்துபோனான். ஓட்டையை அடைத்தாயிற்று. இன்று பிற்பகல் விசாரணை. அட்டவணை தவறு என்றால் பார்த்தோலுக்குச் சிறை. கை தவறு என்றால் ஜோர்ஸிக்கு.

"கப்பலைத் திருப்பிப் பார்த்துவிடுவோம்," என்றார் பார்த்தோல். "நீங்கள் அந்தக் கோடி மேசையில் உட்கார்ந்து எழுதுங்கள்."

இரும்புக் கப்பலில் திசைகாட்டி ஊசி நேராக நிற்காது. கப்பலின் இரும்பே அதை இழுக்கும், ஒவ்வொரு திசைக்கும் ஒவ்வொரு அளவாக. எவ்வளவு என்று தெரிந்தால் போதும், கழித்துவிட்டு ஓட்டலாம். கரையில் இருக்கும் தேவாலயக் கோபுரத்தை அடையாளம் வைத்து, அந்த அளவைக் கண்டு அட்டவணையாக எழுதுவதுதான் பார்த்தோலின் வேலை.

வடக்கில் தொடங்கினார்கள். அட்டவணைப்படியே இருந்தது.

வடகிழக்கு வந்தது. அன்றைக்குக் கப்பல் போன திசை. அட்டவணையில் மூன்று பாகை. ஊசியிலும் மூன்று பாகை.

ஜோர்ஸி பென்சிலைக் கீழே வைத்தார்.

"அப்படியென்றால் என் கைதான்."

"அன்றைக்கு நின்ற மாதிரி வந்து நில்லுங்கள்."

ஜோர்ஸி எழுந்து வந்து சுக்கானைப் பிடித்தார். முன்னால் திசைகாட்டி. பார்த்தோல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊசி நகர்ந்தது. இன்னும் ஐந்து பாகை.

கப்பல் நகரவில்லை.

பார்த்தோல் கையை நீட்டி, கதவைத் தட்டுவதுபோல் ஜோர்ஸியின் நெஞ்சில் தட்டினார்.

டொக்.

ஜோர்ஸி நெஞ்சைத் தடவிக்கொண்டார். பிறகு சொன்னார். விபத்துக்குச் சில நாள் முன், பீரங்கிக்காரன் ஸ்டீப்பேயின் பாட்டைக் கிண்டல் செய்தாராம். குடலை உருவிவிடுவேன் என்றானாம் அவன். பயந்துபோய், பட்டறையில் ஒரு இரும்புத் தகடு வெட்டி வாங்கி, உள்சட்டைக்குள் தைத்துக்கொண்டாராம்.

"கப்பலே கவசம் போட்டிருக்கிறதே என்று நினைத்தேன், மாஸ்டர்."

"ஸ்டீப்பே குத்தினானா?"

"மறுநாளே மறந்துவிட்டான். லோவ்ரோவைக் கரைக்குத் தூக்கி வந்ததே அவன்தான்."

"பிறகு ஏன் கழற்றவில்லை?"

"பழகிவிட்டது."

கயிற்றுக்காரர்கள் காத்திருந்தார்கள். ஒருவன் பெரிதாகக் கொட்டாவி விட்டான்.

"விசாரணையில் என்ன சொல்ல?" என்று கேட்டார் ஜோர்ஸி.

"வடகிழக்கு இன்னும் முடியவில்லை," என்றார் பார்த்தோல். "நீங்கள்தானே எழுதுகிறீர்கள்."

ஜோர்ஸி மேசைக்குப் போனார். உள்சட்டையைக் கழற்றித் தையலைப் பிரித்தார். காற்று வீசியதால், காகிதம் பறக்காமல் இருக்கத் தகட்டை அதன்மேல் வைத்தார்.

எழுதினார்:

வடகிழக்கு. கப்பலின் இரும்பு, மூன்று பாகை. என் இரும்பு, ஐந்து.

கீழே முழுப் பெயரையும் போட்டார்.

பார்த்தோல் கையைத் தூக்கினார். கயிறு மறுபடி முனகியது.

ஜோர்ஸி பென்சிலைச் சீவினார். கிழக்கு என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டார்.