இருபதாம் கிளையின் கொக்கு

அஞ்சனி என்ற கரிச்சான் குருவியின் கிளை, புதன்கிழமை அடித்த காற்றில் பாதி ஒடிந்து தொங்கியது. அதன் நுனியில் அவளுடைய கூடு. கூட்டுக்குள் மூன்று முட்டைகள். குஞ்சு பொரிக்க இன்னும் ஐந்து நாள் வேண்டும். கிளையைப் பார்த்தால் ஐந்து நாள் தாங்கும் என்று தோன்றவில்லை.

அது ஒரு தூங்குமூஞ்சி மரம். மரம் நின்றது ஒரு சின்னத் தீவின் கரையில். இந்த முனையில் ஒரு பறவை தும்மினால் அந்த முனையில் இன்னொன்று "நூறு" என்று வாழ்த்தும், அவ்வளவுதான் தீவு.

முன்னொரு மழைக்காலத்தில், காலையில் யார் முதலில் குரல் கொடுப்பது என்று அங்கே பெரிய சண்டை நடந்தது. பறவைகள் ஒன்றையொன்று இறகு பிய்த்துக்கொண்டன. அதற்குப் பிறகு ஒரு சட்டம் வந்தது. மரத்துக்கு இருபது கிளை. கொக்குக்குப் பன்னிரண்டு, மைனாவுக்கு நான்கு, காகத்துக்கு மூன்று, 'மற்றவை'க்கு ஒன்று. எந்த மரத்திலும் இது மாறக் கூடாது. எல்லாரும் கலந்து வாழ வேண்டும் அல்லவா!

கரிச்சான், மரங்கொத்தி, மீன்கொத்தி, தேன்சிட்டு எல்லாம் மற்றவை. அஞ்சனி பிறந்தது அந்த மரத்தில். அவள் அம்மா பிறந்ததும் அந்த மரத்தில்தான். இருந்தாலும் அவள் மற்றவை.

"தங்கச்சி, மேலே பார்!" என்றது பக்கத்துக் கிளைக் காகம் கரியன். "இருபதாம் கிளை காலியாத்தானே கிடக்கு? அங்கே இருந்த கொக்கு அக்கரைக்குப் போய் ஒரு மாசம் ஆச்சு. கூட்டைத் தூக்கி வைச்சிடு!"

"சட்டப்படி கேட்டுவிட்டுத்தான் வைப்பேன்," என்றாள் அஞ்சனி. அவளுக்கு அப்போது சட்டத்தின் மேல் நம்பிக்கை இருந்தது.

தீவின் கணக்கதிகாரி ஒரு கூழைக்கடா. அவர் எந்த மரத்திலும் குடியிருப்பதில்லை. தண்ணீரில் மிதப்பார். அதனால் அவர் நடுநிலையானவர் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, என் கிளை ஒடிந்துவிட்டது. மேலே ஒரு கிளை காலியாக இருக்கிறது."

"அது கொக்குக் கிளை அம்மா."

"கொக்கே இல்லையே!"

"கொக்கு இல்லாத கொக்குக் கிளை. கொக்கு வரும்வரை அது காலியாக இருக்கும்."

"வரவே இல்லை என்றால்?"

"வரவழைப்போம். கடலுக்கு அப்பால் நிறையக் கொக்குகள் இருக்கின்றன. விகிதம் முக்கியம்."

"அப்படியானால் எனக்கு மற்றவை கிளை கொடுங்கள்!"

"உங்கள் மரத்தில் மற்றவை கிளை ஒன்றுதான். அது ஒடிந்துவிட்டதாக நீங்களே இப்போது சொன்னீர்கள்."

"என் முட்டைகள் விழுந்து உடைந்துவிடும், ஐயா! இது அநியாயம் இல்லையா?"

"அநியாயம் என்றால் ஒருவருக்கு ஒரு மாதிரி, இன்னொருவருக்கு வேறு மாதிரி. நான் எல்லாரிடமும் இதையேதான் சொல்கிறேன்," என்றார் கூழைக்கடா. பிறகு ஒரு மீனை விழுங்கினார். மீனிடமும் அவருக்குப் பாரபட்சம் கிடையாது.

மறுநாள் வியாழன். வரவழைக்கப்பட்ட கொக்கு வந்து சேர்ந்தது. பெயர் தூவன். வயது குறைவு. கடல் தாண்டி வந்த களைப்பில் இறக்கை நடுங்கியது. "வணக்கம்" என்று சொல்லிவிட்டு இருபதாம் கிளையில் நின்றது. பிறகு வடக்கே பார்த்து, இடது காலில் நின்று, கண்ணை மூடிக் கும்பிட்டது.

மரத்துக் கொக்குகளுக்கெல்லாம் மூத்தவர் வெள்ளையப்பர். அவருக்கு வந்ததே கோபம்!

"இடது காலா? இடது காலிலா? நாங்கள் காலங்காலமாக வலது காலில் நின்றுதான் கும்பிடுகிறோம்!"

"மைனாக்கள் நிற்காமல் கத்திக்கொண்டேதானே கும்பிடுகின்றன? அதை ஒன்றும் சொல்ல மாட்டீர்களா?" என்று கேட்டது கரியன்.

"அவை மைனா. அவை எப்படிக் கும்பிட்டால் நமக்கென்ன? முழுசாக வேறு மாதிரி இருந்தால் பரவாயில்லை. இவன் நம்மைப் போலவே இருந்துகொண்டு காலை மாற்றுகிறான், பார்!"

அஞ்சனிக்கு யார் எந்தக் காலில் நிற்கிறார்கள் என்பது கவலையில்லை. அவளுக்கு வேறு கோபம். விருட்டென்று மேலே பறந்தாள்.

"என் அம்மா பிறந்த மரம் இது! நேற்று வந்த உனக்குக் கிளை, எனக்குக் காற்றா? வந்தேறி!"

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவள் வாயில் கசந்தது. போன வருஷம் இதே மரத்தில் யாரோ அவளை அப்படிக் கூப்பிட்டபோது மூன்று நாள் விடாமல் வாதாடியவள் அவள்.

தூவன் கோபப்படவில்லை. கீழே குனிந்து கூட்டைப் பார்த்தது.

"அக்கா, நான் நின்றுகொண்டுதான் தூங்குவேன். எனக்கு இரண்டு விரல் இடம் போதும். கூட்டை மேலே கொண்டு வாருங்கள்."

"உன் தயவு எனக்கு வேண்டாம்! இது என் உரிமை!"

"சரி. உரிமையோடு கொண்டு வாருங்கள்."

இப்படி உடனே ஒப்புக்கொள்கிறவர்களிடம் வாதாடுவது எப்படி என்று அஞ்சனிக்குத் தெரியவில்லை. யோசித்துக்கொண்டிருக்கும்போதே கீழே கிளை படக்கென்று இன்னும் கொஞ்சம் முறிந்தது. கூடு சாய்ந்தது.

கரியன் பாய்ந்து வந்து கூட்டின் ஒரு விளிம்பைக் கவ்விப் பிடித்தது. அஞ்சனிக்கு உயிரே போய்விட்டது.

"ஐயோ! காகத்தின் வாயில் என் முட்டையா!"

கரியன் கூட்டை மெதுவாக இருபதாம் கிளையில் வைத்துவிட்டு அலகைத் துடைத்துக்கொண்டது.

"எண்ணிப் பார்த்துக்கோ தங்கச்சி, மூணும் இருக்கா? உங்க ஆளுங்க என் தலையில கொத்தின கொத்துக்கு நான் ஒண்ணாவது சாப்பிட்டிருக்கணும். இன்னைக்குப் பசியில்லை, போ!"

அஞ்சனிக்கு வெட்கமாக இருந்தது. நன்றி சொன்னாள். கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை, வாராவாரம் வருவது போல, கூழைக்கடா கணக்கெடுக்க வந்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் எண்ணுவார். கண்ணைத் திறந்தால் நிறம் தெரியும். நிறம் தெரிந்தால் பாரபட்சம் வரும். ஆகவே ஒவ்வொரு கிளையும் குரல் கொடுக்க வேண்டும். குரலை வைத்து அவர் இனத்தைச் சொல்லிவிடுவார்.

"முதல் கிளை?"

"க்ராக்!"

"கொக்கு. சரி."

இப்படியே போய்க்கொண்டிருந்தது. மைனாக்கள் கேட்டதற்கு மேல் பதில் சொல்லின.

"இருபதாம் கிளை?"

தூவன் கழுத்தை நிமிர்த்தி, "க்ரூய்ங்!" என்றது. அதன் ஊரில் கொக்குகள் அப்படித்தான் கத்தும்.

கூழைக்கடாவின் முகம் சுருங்கியது. "இது கொக்குக் குரல் இல்லையே. இது மற்றவை. இந்த மரத்தில் மற்றவைக்குக் கிளை இல்லை. மாலைக்குள் தீவை விட்டுப் போ!"

"நான் கொக்குதான், ஐயா. நீங்கள்தான் வரவழைத்தீர்கள்," என்றது தூவன்.

"வரவழைத்தது கொக்கை. வந்திருப்பது இந்தக் குரல்."

அஞ்சனி வெள்ளையப்பரைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெள்ளையப்பர் தண்ணீரில் ஏதோ மீன் இருப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அஞ்சனிக்குப் பொறுக்கவில்லை. கரிச்சான்களுக்கு எந்தப் பறவையின் குரலும் வரும். கொக்குகள் நடுவிலேயே வளர்ந்தவளுக்குக் கொக்குக் குரல் வராதா? "இவ்வளவுதானா உங்கள் கொக்கு?" என்று காட்டிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

"க்ராக்!"

கூழைக்கடாவின் முகம் மலர்ந்தது. "ஆகா! இதல்லவா கொக்கு! இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த குரல். இருபதாம் கிளை நிறைந்தது!"

"ஏமாந்தீர்களா!" என்று சொல்லத்தான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் கிளை இப்போது அவளுடையது. முட்டைகள் பிழைத்தன. பேசாமல் இருந்தால் போதும்.

"பேசாமல் இரு பெண்ணே," என்று வெள்ளையப்பரும் கிசுகிசுத்தார். "உனக்கு வேண்டியது கிடைத்துவிட்டதே."

அதைக் கேட்டதும் அவளால் பேசாமல் இருக்க முடியவில்லை. தன் சொந்தக் குரலில் கத்தினாள்: "ஐயா, கண்ணைத் திறந்து பாருங்களேன்!"

"யாரது, கரிச்சானா? மற்றவை கிளை ஒடிந்துவிட்டது. இல்லாத கிளையிலிருந்து வரும் குரலைச் சட்டம் கேட்காது," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மரத்துக்கு நீந்திப் போனார். கண்ணைத் திறக்காமலே போனார்.

தூவன் இறக்கையைச் சரிசெய்துகொண்டது. "போய் வருகிறேன், அக்கா."

"எங்கே போகிறாய்? நில்! இந்தச் சட்டத்துக்குக் காது மட்டும்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் நீ வாயைத் திறக்காதே. நான் உனக்காகக் கத்துகிறேன். கிளையில் ஒரு கொக்கு இருக்கிறது, ஒரு கொக்குக் குரலும் கேட்கிறது. இதில் எந்தப் பொய்யும் இல்லை!"

"அப்போ ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கொக்கு!" என்று சிரித்தது கரியன்.

அஞ்சனிக்குச் சிரிப்பு வரவில்லை. தன் குரலில் பேசினால் துரத்துவார்கள், அடுத்தவர் குரலில் பேசினால் குடியுரிமை தருவார்கள். இதற்குப் பெயர் நியாயமா என்று அன்று பகல் முழுவதும் மரத்தில் ஒவ்வொருவரிடமும் கேட்டாள். மைனாக்கள் இடத்தை மாற்றி உட்கார்ந்துகொண்டன.

திங்கட்கிழமை குஞ்சுகள் பொரித்தன. அஞ்சனி பூச்சி பிடிக்கப் போகும்போதெல்லாம் தூவன் இறக்கையை விரித்து வெயிலை மறைத்து நின்றது. அப்போது அதன் ஊர்க் கதைகளைச் சொல்லும். அதன் ஊர்க் குரலில் சொல்லும்.

அதே வாரம் வெள்ளையப்பரின் வலது காலில் நத்தை ஓடு குத்தி வீங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் அவர் இடது காலில் நின்று கும்பிட்டார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தார்.

"பெரியவரே, இடது கால்ல நின்னும் சூரியன் உதிச்சுதா?" என்று மேலேயிருந்து கேட்டது கரியன்.

"...உதித்தது."

தூவன் கரையோரப் பூண்டு ஒன்றைக் கொண்டுவந்து, அலகால் நசுக்கி, அவர் காலில் வைத்துவிட்டுப் போனது.

மூன்றாம் வெள்ளிக்கிழமை கூழைக்கடா கண்ணை மூடிக்கொண்டு வந்தார்.

"இருபதாம் கிளை?"

"க்ராக்!" என்றாள் அஞ்சனி, சுத்தமாக.

உடனே கூட்டுக்குள்ளிருந்து மூன்று குரல்கள்: "க்ரூய்ங்! க்ரூய்ங்! க்ரூய்ங்!"

கரிச்சான் குஞ்சுகள் யாரைக் கேட்டு வளர்கின்றனவோ அவர்களைப் போலத்தானே கத்தும்!

கூழைக்கடா அதிர்ந்துபோனார். "ஒருவனைப் போகச் சொன்னால் மூன்றாகப் பெருகிவிட்டானா? இந்தக் கிளையை உடனே காலி செய்யுங்கள்! எல்லாரும் வெளியே!"

அஞ்சனி கூட்டின் மேல் இறக்கையைப் பரப்பினாள். குஞ்சுகளுக்கு இன்னும் இறக்கையே சரியாக முளைக்கவில்லை. பறப்பது எப்படி?

"ஐயா," என்றது ஒரு கரகரத்த குரல். வெள்ளையப்பர். "கண்ணைத் திறந்து பாருங்களேன்."

இரண்டு வாரத்துக்கு முன் அஞ்சனி சொன்ன அதே சொற்கள். சொன்னது கொக்கு என்பதால் கூழைக்கடா உடனே கண்ணைத் திறந்தார்.

வெயிலில் கண் கூசியது. இருபதாம் கிளையில் ஒரு கூடு. கூட்டில் மூன்று கறுப்புக் குஞ்சுகள் கொக்கு மாதிரி கத்திக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு கறுப்புத் தாய். அவர்கள் எல்லாருக்கும் மேலே ஒரு வெள்ளைக் கொக்கு, இடது காலில் நின்று, இறக்கையைக் குடையாக விரித்திருந்தது.

"இதில் யார் கொக்கு? யார் மற்றவை?" என்று கேட்டார் அவர்.

குஞ்சுகள் மட்டும் பசிக்கிறது என்றன.

கூழைக்கடா ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் படித்த சட்டத்தில் இதற்கு ஒரு வரியும் இல்லை. கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இருபதாம் கிளை," என்றார். "நிறைந்தது."

சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்கு நீந்தினார். இந்த முறை கண்ணை மூட மறந்துவிட்டார்.

யார் எத்தனை பேர் என்று கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவதால் ஒற்றுமை வந்துவிடாது, பக்கத்தில் இருப்பவரைக் கண்ணைத் திறந்து பார்த்துக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால்தான் வரும்.