வாய்க்குள் பனி பெய்யாது

நாணல் மண்டிக் கிடந்த ஒரு பெரிய ஏரி. அந்த நாணலுக்குள்ளே செம்பாயி என்ற காட்டுப்பூனை குடியிருந்தாள். கெண்டை மீன் பிடிப்பதில் அவளை மிஞ்ச அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. மேலே இரண்டு, கீழே இரண்டு என்று கோரைப்பல் நான்கும் பளபளவென்று இருக்கும். அதைக் காட்டுவதற்கென்றே நாலு பேர் இருக்கும் இடமாகப் பார்த்துக் கொட்டாவி விடுவாள்.

அந்த ஏரியில் ஒரு வழக்கம் உண்டு. விடிந்ததும் எல்லாரும் மதகடிக்கு வந்துவிட வேண்டும். கரையில் நிற்கும் கருவேல மரத்தில் ஆளுக்கொரு குச்சி ஒடித்து, கடித்து, பல் தேய்த்து, தண்ணீரில் வாய் கொப்பளித்த பிறகுதான் மற்ற வேலை. மதகடியில் நிற்கும்வரை யாரும் யாரையும் பிடித்துத் தின்னக் கூடாது. கீரிக்குப் பக்கத்தில் பாம்பு நிற்கும். நரிக்குப் பக்கத்தில் முயல் நிற்கும். பல்லே இல்லாத ஆமைகூட ஊர்க்கதை கேட்பதற்காக வந்து, சும்மா ஒரு வாய் கொப்பளித்துவிட்டுப் போகும்.

கார்த்திகை மாதம் வந்தால் வடக்கே பனிமலைப் பக்கமிருந்து ஒரு வாலாட்டிக் குருவி வந்து சேரும். பங்குனி வரை இங்கேதான் இருக்கும். மதகடிக்கு வருகிறவர்களின் பல்லிடுக்கில் மாட்டிய மீன்முள், எலும்புத் துணுக்கு எல்லாவற்றையும் தன் மெல்லிய அலகால் கொத்தி எடுத்துவிடும். கூலி எதுவும் கேட்காது. எடுத்ததைத் தின்றுகொள்ளும், அவ்வளவுதான்.

அந்த வருடம் மார்கழிப் பனி கொஞ்சம் அதிகம். ஒருநாள் காலையில் செம்பாயி மதகடிக்கு வந்து, முன்காலை மெல்லத் தண்ணீரில் வைத்தாள். ஆத்தாடி, என்ன குளிர்! காலை உதறிக்கொண்டு திரும்பி நடந்தாள். ஒருநாள் தேய்க்காவிட்டால் பல் கொட்டியா போய்விடும்?

மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பத்து நாள் ஆனதும் குருவி அவளைத் தேடிக்கொண்டு நாணல் பக்கம் போயிற்று. மதகடியைத் தாண்டினால் பூனை பூனைதான், குருவி குருவிதான். அதனால் எட்டாத உயரத்தில் ஒரு கிளையில் உட்கார்ந்துகொண்டு பேசியது.

"என்ன செம்பாயி, மதகடிப் பக்கமே காணோம்?"

"குளிருதுண்ணே. பனி விடட்டும், வர்றேன்."

"தண்ணியாவது குடிக்கிறியா?"

"தாகமே எடுக்கலையே. குளிர்காலத்துல யாருக்குத் தாகம் எடுக்குது?"

"பல்லு என்னத்துக்கு ஆகும் தங்கச்சி? மீன் திங்கிற வாயாச்சே."

செம்பாயி சிரித்தாள். நாணலுக்கடியில் ஒளித்து வைத்திருந்த ஒரு கெண்டையை இழுத்துப் போட்டாள். "இதப் பாருங்க. முந்தாநாள் பிடிச்சது. சித்திரை மாசமா இருந்தா ஒரு பொழுதுக்குள்ள நாறிப் போயிருக்கும். இப்போ மோந்து பாருங்க, கெடவே இல்ல. பனியில எதுவும் கெடாதுண்ணே. வெளியில கிடக்கிற மீனே கெடலைன்னா, வாய்க்குள்ள இருக்கிற துணுக்கு எப்படிக் கெடும்?"

கேட்டால் நியாயம் போலத்தான் இருக்கிறது. குருவிகூட ஒரு நிமிடம் வாலை ஆட்ட மறந்துவிட்டது. அப்புறம் சொன்னது:

"நான் பனியிலேயே பொறந்தவன். எனக்கே பனி கதையா? எங்கே, வாயைத் திறந்து ஊது பார்ப்போம்."

செம்பாயி ஊதினாள். குபுகுபுவென்று வெள்ளைப் புகை வந்தது.

"பார்த்தியா? உள்ள சூடா இருக்கப் போய்த்தானே புகை வருது? அந்த மீன் கிடக்கிறது மார்கழியில. உன் வாய்க்குள்ள வருஷம் பூரா சித்திரை மாசம்தான். அங்கே பனி பெய்யாது செம்பாயி."

செம்பாயிக்குச் சுருக்கென்றது. ஆனால் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. ஒத்துக்கொண்டால் இப்போதே எழுந்து போய் அந்தத் தண்ணீரில் வாயை வைக்க வேண்டும். "சரி சரி, தை பிறக்கட்டும் பார்க்கலாம்" என்று சுருண்டு படுத்துக்கொண்டாள். அந்தப் படுக்கை எத்தனை சுகமாக இருந்தது என்பதைப் பிற்பாடு நினைத்து நினைத்து அவள் அழுதாள்.

தை பிறந்தது. செம்பாயிக்கு மூன்று குட்டிகளும் பிறந்தன. மூன்றும் பெண். மூத்தவள் கறுப்பி, அடுத்தவள் சிலுப்பி. கடைக்குட்டிக்கு நெற்றியில் வெள்ளையாக ஒரு பொட்டு இருந்ததால் பொட்டு என்றே பெயர் வைத்தாள். பொட்டு இருக்கிறாளே, மற்ற இரண்டும் தூங்கும்போது அவள் மட்டும் அம்மாவின் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பாள்.

பிள்ளைகளோடு கூடவே வலியும் வந்தது. வலது பக்க மேல் கோரைப்பல் முதலில் கூசியது. அப்புறம் குத்தியது. ஈறு வீங்கிச் சீழ் பிடித்தது. செம்பாயி இடது பக்கமாகவே மென்றாள். ஒருநாள் குருவி அதைக் கவனித்துவிட்டது.

"என்ன, ஒரு பக்கமாவே மெல்லுறே? வா, பார்க்கிறேன்."

"ஒண்ணுமில்லண்ணே. சும்மாதான்."

சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று வருமே! அந்த ஒரு பேச்சைக் கேட்கக் கூசி, வலியைத் தாங்கிக்கொண்டாள். குருவி அப்படிக் குத்திக் காட்டுகிற ஆளும் இல்லை. பாவி மகள் அதை யோசிக்கவே இல்லை.

தை கடைசியில், மழையே பெய்யக் கூடாத நாளில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் அடித்தது. நாலாம் நாள் காலையில் செம்பாயி கண் விழித்தபோது படுக்கை நனைந்திருந்தது. நாணலுக்குள்ளே ஏரி ஏறிக்கொண்டிருந்தது. குட்டிகளுக்குக் கண் திறந்திருந்ததே ஒழிய, இன்னும் சரியாக நடக்க வராது. கருவேல மரம் நிற்கும் மேட்டுக்குக் கொண்டுபோனால் பிழைத்துக்கொள்ளும். பூனைக்குக் கையா இருக்கிறது? பிள்ளையைத் தூக்க வாய்தானே உண்டு.

கறுப்பியைப் பிடரியில் கவ்வித் தூக்கினாள். பல் விண்ணென்று தெறித்தது. பொறுத்துக்கொண்டு, வயிறளவு தண்ணீரில் நடந்து மேட்டில் சேர்த்தாள். திரும்பி வந்து சிலுப்பியைத் தூக்கினாள். இப்போது தண்ணீர் மார்பளவு இருந்தது. ஈறு கிழிந்து வாயெல்லாம் ரத்தம் கரித்தது. அவளையும் சேர்த்துவிட்டாள்.

மூன்றாவது முறை தண்ணீர் கழுத்தைத் தொட்டது. பொட்டு ஒரு நாணல் திட்டின் மேல் ஒட்டிக்கொண்டு, "அம்மா, சீக்கிரம் வா" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

செம்பாயி கவ்வினாள். நீந்தினாள். மேடு பத்தடி தூரத்தில் தெரிந்தது. அப்போது ஒரு அலை வந்து முகத்தில் அடித்தது. பனித் தண்ணீர் நேராக அந்தச் சொத்தைப் பல்லில் போய் இறங்கியது. உயிர் போகிற வலி. அவள் வாயைத் திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

பொட்டு தண்ணீரில் விழுந்தாள்.

செம்பாயி முங்கிப் பார்த்தாள். கண்ணுக்குக் கலங்கல் தண்ணீர்தான் தெரிந்தது. ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் வாய்க்காலுக்குள் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. அந்த இழுப்பு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிற்று. குருவி தண்ணீருக்கு மேலேயே பறந்து பறந்து தேடியது. ஆமை அன்று பொழுது சாயும்வரை முங்கி முங்கி எழுந்தது. "கிடைக்கலையே ஆத்தா" என்று கடைசியில் கரையேறி வந்து தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

இரண்டு நாள் கழித்து அந்தப் பல் தானாகவே விழுந்தது. அதற்கு நேர் கீழே இருந்த கோரைப்பல்லையும் சீழ் கொண்டுபோனது. பிறகு வலிக்கவே இல்லை. வலிக்காமல் இருந்ததுதான் செம்பாயிக்குத் தாங்க முடியவில்லை.

மாசி மாதம். ஒருநாள் குருவி பதறிக்கொண்டு வந்தது. அவள் எட்டிப் பிடிக்கும் தூரத்தில், தரையிலேயே இறங்கி நின்றது.

"செம்பாயி, கிழக்கே வயலுக்குள்ள ஒரு மோட்டார் கொட்டகை இருக்கு. அங்கே ஒரு வீட்டுப்பூனை குட்டி போட்டிருக்கா. அதுல ஒரு குட்டிக்கு நெத்தியில வெள்ளைப் பொட்டு."

செம்பாயி எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. கொட்டகை வாசலில் பூங்காவனம் என்ற வெள்ளைப் பூனை வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் நாலு குட்டிகள் ஒரு கயிற்றை வைத்து விளையாடின. அதில் ஒன்று பொட்டு. கன்னமெல்லாம் சதை வைத்து, வயிறு பந்து மாதிரி இருந்தது.

"யாரைத் தேடி வந்தீங்க?" என்றாள் பூங்காவனம்.

செம்பாயி பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பூங்காவனத்துக்குப் புரிந்துவிட்டது.

"நாணல் கத்தையைப் பிடிச்சுக்கிட்டு வாய்க்கால்ல மிதந்து வந்துச்சு. எம்பிள்ளைகளோட சேர்த்துப் பால் குடுத்தேன். உங்க பிள்ளைன்னா கூட்டிட்டுப் போங்கக்கா. நான் தடுக்க மாட்டேன்."

செம்பாயி குனிந்து, வழக்கம்போல வாயைத் திறந்து பொட்டின் பிடரியைக் கவ்வினாள். ஒரு பக்கப் பல்லை மட்டும் வைத்துக்கொண்டு எப்படிக் கவ்வுவது? தோல் வழுக்கிக்கொண்டு நழுவியது. மறுபடி கவ்வினாள். மறுபடி நழுவியது. பொட்டு மூக்கைச் சுளித்துக்கொண்டு துள்ளி ஓடி, பூங்காவனத்தின் வயிற்றுக்கடியில் ஒளிந்துகொண்டாள்.

"அம்மா, யாரும்மா இது? வாய் நாறுது."

செம்பாயி வாயை மூடிக்கொண்டாள். ஏரியில் இரண்டு குட்டிகள் காத்திருக்கின்றன. வழுக்குகிற மீனை இப்போதெல்லாம் அவளால் பிடித்து நிறுத்த முடியவில்லை. அந்த இரண்டுக்கே அரை வயிறுதான். இந்த வயிறு நிறைந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் எதைக் கொடுப்பது?

"நான் யாருமில்லடா தங்கம். சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எப்ப வேணும்னாலும் வாங்கக்கா" என்றாள் பூங்காவனம். செம்பாயி திரும்பிப் பார்க்காமல் வரப்பில் நடந்தாள்.

மறுநாள் விடியும்போதே செம்பாயி மதகடியில் நின்றாள். மாசிப் பனி இன்னும் விடவில்லை. கறுப்பியையும் சிலுப்பியையும் பக்கத்தில் நிறுத்தி, கருவேலங்குச்சியை ஒடித்துக் கொடுத்தாள். சிலுப்பி தண்ணீரைத் தொட்டுவிட்டுக் காலை உதறினாள்.

"குளிருதும்மா. நாளைக்குத் தேய்ச்சுக்கிறேன்."

"எங்கே, வாயைத் திறந்து ஊது."

சிலுப்பி ஊதினாள். வெள்ளையாகப் புகை வந்தது.

"உள்ள வெயில் அடிக்குதுடி கண்ணு. அங்கே பனியே கிடையாது. கொப்பளி" என்றாள் செம்பாயி.

சொல்லிக்கொண்டே, கிழக்கே வயல் பக்கம் பார்த்தாள். மதகின் மேல் உட்கார்ந்திருந்த குருவியும் அந்தப் பக்கமே பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

குளிரைச் சாக்குச் சொல்லிப் பல்லைக் கவனிக்காமல் விட்டால், அந்தப் பல்லை நம்பியிருக்கும் உயிருக்கும் சேர்த்தே கேடு வரும்.