இசோகாயின் கடைசி ஆட்டத்தை நாங்கள் பார்த்த விதம்

எங்கள் நான்கு பேரையும் கம்பெனி ஜப்பானுக்கு அனுப்பியது எங்கள் திறமையைப் பார்த்துத்தான் என்று சூலூரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது நாங்கள்தான். உண்மை என்னவென்றால், புது இயந்திரத்தைப் பழகிக்கொண்டு வர ஆறு மாதம் போக வேண்டும் என்றதுமே புத்தியுள்ளவர்கள் எல்லோரும் குடும்பம், பரீட்சை, முதுகுவலி என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி நழுவிவிட்டார்கள். காரணம் சொல்லத் தோன்றாமல் நின்றது நாங்கள் நான்கு பேர்.

எங்களுக்குத் தலைவர் சென்னியப்பன் அண்ணன். அவருக்குத் தெரியாத விஷயம் எதையும் அவர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. அடுத்தவன் மயில்சாமி. சொன்னதைச் சொன்னபடி செய்வான். நிறுத்தச் சொல்கிற வரைக்கும் செய்வான். மூன்றாவது ரங்கராசு, யோசிக்காமல் எதுவும் செய்ய மாட்டான், யோசித்த பிறகும் செய்ய மாட்டான். நான்காவது ஆள் நான். இந்த மூன்று பேரும் முட்டாள்கள் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டே, அவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டு நடந்தவன்.

அங்கே எங்களுக்கு மேலாளர் ஹிரானோ சான்; சான் என்பது அங்கே பெயருக்குப் பின்னால் போடுகிற மரியாதை. சின்ன உருவம், நல்ல மனசு. முன்பு கோவையில் தங்கி எங்கள் வார்ப்பட ஆலைக்கு இயந்திரம் பூட்டிக் கொடுத்தவர். புத்தகத்தை வைத்துக்கொண்டு தமிழ் படித்ததால் எங்களை எல்லாம் விடச் சுத்தமாகப் பேசுவார். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது எங்களைப் பார்த்து, "இசோகாய் என்னும் பேஸ்பால் ஆட்டக்காரரை நீங்கள் அறிவீர்களா?" என்று கேட்டார்.

"பேப்பர்ல அடிக்கடி படிக்கறமுங்க" என்றார் அண்ணன். ஜப்பானியப் பேப்பரில் அவரால் படிக்க முடிந்தது படங்களை மட்டும்தான்.

"பள்ளியில் நான் பந்து எறிவேன், அவன் பிடிப்பான்" என்றார் ஹிரானோ சான். "பிறகு அவன் பெரிய அணிக்குப் போனான். நான் உலைக்கூடத்துக்கு வந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவனுக்குக் கடைசி ஆட்டம். அதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும்."

"அவருகிட்டயே ஒரு டிக்கெட் கேட்டா கொடுக்க மாட்டாருங்களா?" என்றேன்.

"கொடுப்பான். கேட்க எனக்குக் கூச்சம். கூட்டத்தில் ஒருவனாக நின்று பார்த்தால் போதும்."

சொல்லிவிட்டுச் சூப்புக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. அந்த நிமிடம் அவர் கேட்டிருந்தால் உயிரைக்கூடக் கொடுத்திருப்பேன். ஆனால் அவர் கேட்டது ஐந்து டிக்கெட். எங்களையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு விற்பனை, அந்த நேரம் அவரால் உலையை விட்டு நகர முடியாது. எங்கள் விடுதிக்கு எதிர்க் கடையில் டிக்கெட் இயந்திரம் இருந்தது. "திரை கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். விரைவில் தீர்ந்துவிடும்" என்று சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் கடைக்குப் போய் இயந்திரத்தைச் சுற்றி நின்றுகொண்டோம். பத்து மணி ஆனதும், போனைத் திரைக்கு நேரே பிடித்து அதில் வருகிற ஜப்பானிய எழுத்தைத் தமிழாக்கிப் படித்தேன். எந்த விளையாட்டு என்று கேட்டிருந்தது.

"பேஸ்பாலுங்க" என்று மயில்சாமி திரையைப் பார்த்துப் பதில் சொன்னான்.

திரை அசையவில்லை. காது மந்தமாக இருக்கும் என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னான். கல்லாவில் இருந்த பெண் வந்து விரலால் திரையைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு மயில்சாமி வாயாலும் சொன்னான், விரலாலும் தொட்டான்.

ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்ததும் வகைவகையான இருக்கைகளின் பெயர் வரிசையாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வட்டம்.

"என்னங்ணா, எல்லாம் சைபர்னு காட்டுது?" என்றான் ரங்கராசு.

"வித்துப் போச்சுன்னு அர்த்தம். ஜப்பான்காரன் வேகம் அப்பிடி" என்றார் அண்ணன்.

"அப்ப போயர்லாமுங்களா?"

"சித்த பொறு. யாராச்சும் திருப்பிக் கொடுத்தா நாம வாங்கிக்கலாம்."

ஹிரானோ சான் உலைக்குப் பக்கத்தில் நின்று எங்களைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வட்டம் முக்கோணமாக மாறியது. பிறகு இன்னொன்று மாறியது.

"முக்கோணம்னா குடும்பக் கட்டுப்பாடு" என்றார் அண்ணன். எங்கள் ஊர் ஆஸ்பத்திரிச் சுவரில் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள், ஆகவே யாரும் மறுத்துப் பேசவில்லை.

"அது தலைகீழா இருக்குமுங்க. இது நேரா நிக்குது" என்றான் ரங்கராசு, நெடுநேரம் யோசித்துவிட்டு.

"நேரா நின்னா குடும்பத்தோடதான் வரோணும்னு அர்த்தம். நமக்கு இங்க ஏது குடும்பம்?"

குடும்பம் இல்லாத வருத்தத்தில் நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது முக்கோணங்கள் ஒவ்வொன்றாகப் பெருக்கல் குறியாக மாறின. அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தீங்களா, இப்பத்தான் டிக்கெட் பெருகுது" என்றார். மயில்சாமி பெருக்கல் குறியை அமுக்கினான். இயந்திரம் உறுமியதே தவிர ஒன்றும் தரவில்லை. இன்னும் பெருகட்டும் என்று காத்திருந்தோம். எங்களுக்குப் பின்னால் வந்து நின்றவர்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் வேறு கடையைத் தேடிப் போய்விட்டார்கள்.

கடைசியில் அந்தப் பெண்ணே மறுபடியும் வந்து பார்த்தாள். பதறிப்போய், மிச்சம் இருந்த ஒரே ஒரு முக்கோணத்தைத் தொட்டு ஐந்து என்று போட்டாள். ஒரு சீட்டு வெளியே வந்தது. அதுதான் டிக்கெட் என்று நினைத்து, அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினோம். அவள் ரோடு வரைக்கும் ஓடிவந்து எங்களைத் திருப்பிக் கூட்டிப்போய், பணத்தை வாங்கிக்கொண்டு அசல் டிக்கெட்டுகளைக் கொடுத்தாள். வட்டம் என்றால் நிறைய இருக்கிறது என்றும், முக்கோணம் என்றால் கொஞ்சம்தான் மிச்சம் என்றும், பெருக்கல் குறி என்றால் ஒன்றுமே இல்லை என்றும் போனில் தமிழாக்கிக் காட்டி விளக்கினாள்.

"சைபர் வாங்கினவனுக்கு இந்த ஊர்ல நல்ல மரியாதையாட்ட இருக்குது" என்றான் ரங்கராசு. பத்தாம் வகுப்புக் கணக்கில் அவன் எவ்வளவு வாங்கினான் என்று நாங்கள் கேட்கவில்லை.

எங்களுக்குக் கிடைத்தது மைதானத்தின் வெளிவட்டத்தில், இசோகாய் ஆடுகிற உள்ளூர் அணியின் ஆதரவாளர்கள் கூடுகிற பகுதி. இருக்கைக்கு எண் கிடையாது, முதலில் போகிறவர் உட்காரலாம். ஹிரானோ சான் டிக்கெட்டை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நான் வேலை முடிந்து தாமதமாகத்தான் வருவேன். நீங்கள் முன்னதாகவே சென்று, இருக்கைகளின் மேல் உங்கள் பொருள் எதையாவது வைத்து இடம் பிடியுங்கள். இங்கே யாரும் எடுக்க மாட்டார்கள். பிறகு மைதானத்துக்கு அருகில் உள்ள ரயில் நிலையத்துக்கு வந்து என்னை அழைத்துச் செல்லுங்கள்" என்றார்.

இடம் பிடிப்பதைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில், பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுப் பழகிய கைகள் இவை. வெள்ளிக்கிழமை வாசல் திறந்ததும் ஓடிப்போய் ஐந்து இருக்கையில் ஐந்து துண்டைப் போட்டோம். போட்ட பிறகு ரங்கராசுக்கு யோசனை வந்துவிட்டது.

"துண்டு யார் துண்டுன்னு எப்பிடித் தெரியுமுங்ணா? எவனாச்சும் வந்து என்ற துண்டுன்னு சொன்னா நம்மகிட்ட என்ன அத்தாட்சி இருக்குது?"

அண்ணன் அசந்துபோனார். "டிக்கெட்ட வெச்சுருவோம். அதுக்கு மேல அத்தாட்சி கெடையாது" என்றார்.

எனக்கும் அது மிகச் சரியாகப் பட்டது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஆளுக்கொரு டிக்கெட்டை அவரவர் இருக்கையில் வைத்து, காற்றில் பறக்காமல் துண்டால் மூடினோம். ஹிரானோ சானின் டிக்கெட்டை நடு இருக்கையில் வைத்தோம். மயில்சாமியைக் காவலுக்கு உட்காரவைத்து, "நாங்க வர்ற வரைக்கும் எந்திரிக்கப்படாது" என்று சொல்லிவிட்டு மூன்று பேரும் கிளம்பினோம். வாசலில் இருந்தவர் எங்கள் கையில் ஒரு முத்திரை குத்தி, டிக்கெட் மாதிரி ஒரு சீட்டைக் காட்டிக்காட்டி ஏதோ சொன்னார். நாங்களும் பலமாகத் தலையாட்டிவிட்டு வந்தோம்.

ஹிரானோ சான் ரயிலைவிட்டு ஓட்டமாக இறங்கி வந்தார். ஆட்டம் பாதி தாண்டியிருந்தது. மைதானத்துக்குள் முழங்கிய டிரம்பெட்டும் பாட்டும் வெளியே வரைக்கும் கேட்டன. வாசல்காரர் கையை நீட்டி டிக்கெட் கேட்டார்.

"டிக்கெட் எங்கே?" என்று எங்களைக் கேட்டார் ஹிரானோ சான்.

"பத்திரமா உள்ள இருக்குதுங்க" என்றார் அண்ணன், பெருமையாக.

ஹிரானோ சான் எங்களை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. அண்ணன் அவசரமாக மயில்சாமிக்குப் போன் போட்டார்.

"மயிலு, டிக்கெட்ட எல்லாம் எடுத்துட்டு வாசலுக்கு வா."

"எந்திரிக்கப்படாதுன்னு நீங்கதானுங்ணா சொன்னீங்க."

"இப்ப நாந்தான் சொல்றேன், எந்திரி."

"நீங்க வர்ற வரைக்கும் எந்திரிக்கப்படாதுன்னீங்க. நீங்க இன்னும் வரலீங்களே?"

"நீ எந்திரிச்சாத்தான்டா நாங்க வர முடியும்."

"நீங்க வந்தாத்தானுங்க நான் எந்திரிக்க முடியும்" என்றான் மயில்சாமி. அவன் குரலில் துளிகூடக் குறும்பு இல்லை, அவ்வளவு பொறுப்பாகப் பேசினான். ஹிரானோ சான் போனை வாங்கி, "மயில்சாமி அவர்களே, நான் ஹிரானோ பேசுகிறேன்" என்றார். மேலாளர் குரல் கேட்டதும் மரியாதைக்கு எழுந்துவிட்டான். எழுந்தது எழுந்தாயிற்று, இனி உட்கார்ந்து என்ன பயன் என்று டிக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, வாசலையும் தாண்டி எங்களோடு வெளியே நின்றுகொண்டான்.

அவன் கையில் நான்கு டிக்கெட் இருந்தது.

"உன்ற டிக்கெட் எங்கடா?" என்றேன்.

"என்ற சீட்டுல. இல்லீன்னா எடம் போயிருமல்லோ?"

"அவனை விட்டுவிட்டு நாம் போகலாமே" என்று நான் சொல்லவில்லை, ஆனால் நினைத்தேன். ஹிரானோ சான் அப்படி நினைக்கக்கூட இல்லை. வாசல்காரரிடம் குனிந்து விளக்கினார். வாசல்காரர் குனிந்து கேட்டுக்கொண்டு தன் மேலாளரைக் கூப்பிட்டார். அவர் வந்து குனிந்தார், அவருக்கும் மேலானவர் வந்து குனிந்தார். ஒருவர் உள்ளே போய், துண்டுக்கு அடியில் இருந்த டிக்கெட்டைத் துண்டோடு கொண்டுவந்து மயில்சாமியிடம் பணிவாகக் கொடுத்தார். அதற்குள், மட்டை பிடிக்க வருகிறவர் என்று ஒலிபெருக்கியில் இசோகாயின் பெயர் கேட்டது. ஹிரானோ சானின் முகம் வெளுத்துவிட்டது.

ஓடினோம். நாங்கள் படியேறி உள்ளே நுழையவும், பந்து மட்டையில் பட்ட சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று துண்டைத் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தது. எங்களைவிடத் துண்டு போடத் தெரிந்தவர்களை நான் முதல்முறையாகப் பார்த்தேன். நடைவழியில், முன்னால் இருந்த கூட்டத்துக்குப் பின்னால் நின்று ஹிரானோ சான் எக்கினார், குதித்தார். அவருக்குத் தெரிந்தது துண்டுகள்தான். கடைசியாக இசோகாய் மட்டை பிடித்ததை அவர் பார்க்கவில்லை. எங்களால்தான்.

ஆட்டம் முடிந்து பிரியாவிடை விழா தொடங்கியது. யாரும் உட்காரவில்லை, எங்கள் இருக்கைகளுக்குப் போக வழியும் இல்லை.

"தூக்கிக் காட்டட்டுங்களா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும்" என்றார். "அங்கே என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்."

அண்ணன் நுனிக்காலில் நின்று பார்த்தார். "எல்லாருமாச் சேர்ந்து அவரை மேல தூக்கித் தூக்கிப் போடறாங்க."

"ஓய்வு பெறுபவரை அப்படிச் செய்வது வழக்கம்" என்றார் ஹிரானோ சான். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்று அவனோடு நானும் ஓய்வு பெற்றுவிட்டேன்."

நாங்கள் நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சற்றுத் தள்ளிப் போய்க் கூடிப் பேசினோம்.

"ஓய்வு பெத்துட்டேன்னு அவரு வாயாலயே சொல்லிட்டாரு" என்றான் மயில்சாமி.

"வழக்கம்னும் அவரேதான் சொன்னாரு" என்றான் ரங்கராசு.

"பின்னால மறைக்குமுன்னாரே?" என்றேன் நான்.

"மேல போனவரு ஒடனே கீழ வந்தருவாரு. எங்கிருந்து மறைக்கறது?" என்றார் அண்ணன்.

ஹிரானோ சானின் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிப் போட்டோம். முதல் தடவை அவர் வேண்டாம் வேண்டாம் என்றார். இரண்டாம் தடவை மேலே போனபோது, "தெரிகிறான்" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் எங்களுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மூன்றாம் தடவை மூச்சைப் பிடித்து நல்ல உயரமாகப் போட்டோம். சரியாக அப்போது மைதானத்தில் இசோகாய் எங்கள் பக்கம் திரும்பிக் குனிந்து வணங்கினார். எங்களுக்கு முன்னால் இருந்த கூட்டம் முழுவதும் பதிலுக்குக் குனிந்தது. "மரியாதை, குனிங்கடா" என்றார் அண்ணன். நான்கு பேரும் குனிந்தோம். ஹிரானோ சான் இன்னும் கீழே வரவில்லை.

வந்தார். என் முதுகிலும் அண்ணன் முதுகிலும் குறுக்காக வந்து விழுந்தார். அடி ஒன்றும் பலமில்லை. முன்னால் ஒரு தலைகூட மறைக்காததால் மைதானம் அவருக்கு முழுதாகத் தெரிந்தது.

"அசையாதீர்கள்" என்றார் மெல்ல. "நன்றாகத் தெரிகிறான். கையசைக்கிறான்."

அசையவில்லை. என் முதுகில் அவர் விம்முவது தெரிந்தது. பிறகு எப்போதோ அவர் இறங்கிக்கொண்டார், கூட்டம் கலைந்தது, துடைப்பத்தோடு ஆட்கள் வந்தார்கள், நாங்கள் இன்னும் குனிந்தே நின்றோம். நான் அந்த ஆட்டத்தில் பார்த்தது யாரோ தின்று போட்ட ஒரு அவரைத் தோலும் மயில்சாமியின் செருப்பும்தான்.

"வாருங்கள், ரயில் போய்விடும்" என்றார் ஹிரானோ சான்.

"வரத்தான் சொல்றாரு, நிமிரச் சொல்லல" என்றான் மயில்சாமி.

அதுவும் நியாயம்தான் என்று நான்கு பேரும் குனிந்தபடியே நடந்தோம். வாசல்காரர் எங்களைப் பார்த்து அவசரமாகக் குனிந்தார். அவருடைய மேலாளரும் குனிந்தார். ரோட்டில் எதிர்ப்பட்டவர்கள் எல்லோரும், இவ்வளவு பணிவாக வருகிறவர்களுக்குப் பதில் மரியாதை செய்யாமல் போவதா என்று நின்று குனிந்தார்கள். நாங்கள் நிலையம் போய்ச் சேர்ந்தபோது ஸ்டேஷன் மாஸ்டரும் குனிந்திருந்தார், ரயிலுக்குக் கொடி காட்ட ஆளில்லை.